“உங்களைப் பார்க்கவே இல்லை சார்” – பெரிய வண்டிகளுக்கு முன்னால் நின்ற அனுபவங்கள்

நடராஜா சர்வீஸ்

இருபது வருடமாக நடந்தே வேலைக்குப் போகிறவன் நான். லைசென்ஸ் உண்டு, வண்டி கிடையாது. போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

நான்கு சாலைகள் சேரும் சிக்னல். நடப்பவர்களுக்கான பச்சை விழுந்தது, இறங்கினேன். ஒரு பிக்கப் வளைந்து என் பக்கம் வந்தது. மெதுவாகத்தான் வந்தது, பதினைந்து கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. ஓட்டுகிறவர் முகம் முதலில் தெரிந்தது. அப்புறம் காணோம். முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு தூண் இருக்குமே, அதற்குப் பின்னால் போய்விட்டது. நான் ஓர் அடி வைத்தேன், வண்டியும் கொஞ்சம் திரும்பியது, முகம் வெளியே வரவில்லை. இன்னோர் அடி வைத்தேன். அப்போதும் தூண்தான். என் நடையும் அவருடைய திருப்பமும் ஒத்துப்போனதால் அந்த மறைப்பு என்னோடு கூடவே நடந்து வந்துகொண்டிருந்தது. அவர் முகம் எனக்குத் தெரியவில்லை என்றால் என் முகமும் அவருக்குத் தெரியாது என்பது உறைக்க ஒரு நொடி ஆனது. பானட்டில் ஓங்கி அறைந்தேன். கை பட்ட இடம் என் நெஞ்சு உயரம். குனியவே இல்லை.

வண்டி நின்றது. இறங்கி வந்தவருக்குக் கை நடுங்கியது. “சத்தியமா உங்களைப் பார்க்கவே இல்லை சார்” என்றார். அவர் சொன்னதை நம்புகிறேன். அவர் குடிக்கவில்லை, போன் பேசவில்லை, வேகமாகவும் வரவில்லை. எல்லாம் சரியாகச் செய்த ஒருவரின் வண்டிக்கு அடியில் நான் போயிருப்பேன்.

அதற்குப் பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஐஐஎச்எஸ் என்ற ஆய்வு அமைப்பு 2022-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. சாலையைக் கடந்தவர் இறந்துபோன விபத்துகளை எடுத்துக்கொண்டு, அவை வண்டி நேராகப் போகும்போது நடந்தவையா, திரும்பும்போது நடந்தவையா என்று பிரித்திருக்கிறார்கள். இடது திருப்பத்தில் நடந்ததாக இருக்கும் வாய்ப்பு, சாதாரண காரை விட எஸ்யூவிக்குச் சுமார் 2 மடங்கு, வேனுக்குக் கிட்டத்தட்ட 3 மடங்கு, பிக்கப்புக்குக் கிட்டத்தட்ட 4 மடங்கு. (அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள். அதனால் இடது திருப்பம்தான் எதிர்ச்சாலையைத் தாண்டிப் போகும் பெரிய திருப்பம்.) பார்வை மறைவது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகம். எனக்குச் சந்தேகமே இல்லை.

இரட்டைச் சக்கரம்

அண்ணா, உங்களுக்குத் தூண் என்றால் எனக்குக் காற்று.

தினமும் சைக்கிளில் ஒன்பது கிலோமீட்டர் போகிறேன். கார் முந்தினால் காதோரம் ஒரு ‘ஷ்ஷ்’, அவ்வளவுதான். பெரிய லாரி வேகமாக முந்தும்போது கதையே வேறு. முதலில் முதுகிலும் தோளிலும் ஒரு தள்ளு. லாரியின் மூக்கு ஒதுக்கிவிடும் காற்று அது, நம்மைச் சாலை ஓரத்துக்குத் தள்ளும். விழாமல் இருக்க உடம்பு தானாகவே லாரிப் பக்கம் சாயும். சாய்ந்த அதே நொடியில் தள்ளிய காற்று சட்டென்று நின்றுபோகும், லாரியின் பக்கவாட்டு உடம்பு நம்மைத் தாண்டி ஓடும்போது உள்ளே இழுக்கவும் செய்யும். நாமும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறோம்! வால் போன பிறகு ஒரு சுழல், வாய் நிறையப் புழுதி. மொத்தமே இரண்டு வினாடி.

ஒருமுறை அந்த இழுப்பில் முன்சக்கரம் ஒரு முழம் உள்ளே போய்விட்டது. என் முழங்கைக்குப் பக்கத்தில் டயர் ஓடுகிறது. அதன் நடுவில் வட்டமாக நட்டுகள் சுற்றுவது மட்டும் கண்ணில் நின்றது. பிறகு நின்றுகொண்டிருந்த ஒரு லாரியில் எண்ணிப் பார்த்தேன், பத்து நட்டு. எதற்கு எண்ணினேன் என்று கேட்காதீர்கள்.

லாரி என்னைத் தொடவே இல்லை, அதனால் இது எந்தக் கணக்கிலும் வராது. ஜெர்மனியில் 2020 முதல் சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1.5 மீட்டர், வெளியே 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்று சட்டத்திலேயே அளவு போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த இடைவெளி எங்கிருந்து வரும்? ஐரோப்பாவில் விற்கும் புதுக் கார்களின் சராசரி அகலம் 2018-ல் 177.8 செ.மீ., 2023-ன் முதல் பாதியில் 180.3 செ.மீ. என்று டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட் என்ற அமைப்பு கணக்குப் போட்டது. சைடு மிரரைச் சேர்க்காமலே இவ்வளவு. சாலை அகலமாகவில்லை. கூடிய இரண்டரை சென்டிமீட்டர் யாருடைய பங்கிலிருந்து போனது என்று ஓரத்தில் போகிறவனைக் கேளுங்கள்.

அவசரக்காரன்

எல்லாம் சரி. போனைப் பார்த்துக்கொண்டே சாலையில் இறங்குகிறவர்களைப் பற்றி யாராவது பேசுவீர்களா? வண்டி பெரிதாக இருந்தால் தூரத்திலேயே தெரியுமே, ஒதுங்க வேண்டியதுதானே?

நடராஜா சர்வீஸ்

தூரத்திலிருந்து எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது தம்பி. அவருக்குத்தான் பக்கத்தில் இருந்த நான் தெரியவில்லை. என் போன் அப்போது பைக்குள் இருந்தது.

பிசிக்ஸ் வாத்தியார்

இங்கே எல்லோரும் எடை, எடை என்று போவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடப்பவரின் எடை 70 கிலோ, வண்டி 40 கி.மீ. வேகத்தில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். மோதியபின் இரண்டும் ஒன்றாக நகர்ந்தால், 1,000 கிலோ காரில் அடிபட்டவர் சுமார் 37.4 கி.மீ. வேகத்துக்குத் தூக்கி எறியப்படுவார். 2,500 கிலோ எஸ்யூவி என்றால் 38.9. இருபது டன் லாரி என்றால் 39.9. பார்த்தீர்களா, எடை இருபது மடங்கு கூடியும் வித்தியாசம் இரண்டரை கிலோமீட்டர்தான். காருக்கும் காருக்கும் மோதல் என்றால் எடை பெரிய விஷயம், கனமானது தப்பிக்கும், லேசானது நொறுங்கும். மனித உடம்புக்கு முன்னால் மிகச்சிறிய காரே மலைதான்.

அப்படியானால் பெரிய வண்டி ஏன் அதிகம் கொல்கிறது? எந்த இடத்தில் அடிக்கிறது என்பதுதான் விஷயம். நானே அனுபவித்தது. கல்லூரி நாட்களில் ஒரு சின்னக் கார் என்னைப் பக்கவாட்டில் அடித்தது. பம்பர் முழங்காலுக்குக் கீழே பட்டது, கால் வாரிவிட்ட மாதிரி பானட் மேல் படுத்தேன். தோள் கண்ணாடியில் இடித்தது, அப்புறம் அப்படியே வழுக்கித் தரையில் இறங்கினேன். காலில் எலும்பு முறிவு, மூன்று மாதம் கட்டு. ஆனால் அந்தப் பானட் என் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டது. அது வளைந்து குழிந்ததை இன்றைக்கும் நன்றியோடு நினைக்கிறேன். அதே வேகத்தில், நெஞ்சு உயரத்துக்குச் சுவர் மாதிரி நிற்கும் முகப்பு வந்திருந்தால் நான் மேலே ஏறியிருக்க மாட்டேன். மொத்த உடம்பும் ஒரே அடியில் வாங்கி, முன்னால் போய் விழுந்திருப்பேன். விழுந்தவன் மேல் வண்டி ஏறுவது அடுத்த ஆபத்து. எடை தன் வேலையைக் காட்டுவது அங்கேதான்.

ஹவாய் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜஸ்டின் டிண்டல் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், முகப்பு உயரம் 10 செ.மீ. கூடினால் அடிபட்ட பாதசாரி இறக்கும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுகிறது என்று வருகிறது. 10 செ.மீ. என்பது உள்ளங்கை அகலத்தை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

பிசியோ அக்கா

வாத்தியார் சார் சொன்னதை நான் கட்டில் ஓரத்திலிருந்து சொல்கிறேன். விபத்தில் அடிபட்டு நடக்கப் பழகுகிறவர்கள்தான் என் வேலை. எந்த வண்டி அடித்தது என்று இப்போதெல்லாம் முதலிலேயே கேட்டுவிடுவேன். தாழ்ந்த கார் என்றால் பெரும்பாலும் முழங்கால், அதற்குக் கீழ் எலும்பு. வலி அதிகம், ஆனால் படிப்படியாக எழுந்து நடப்பார்கள். உயர்ந்த முகப்பு என்றால் தொடை எலும்பின் மேல்பகுதி, இடுப்பெலும்பு, விலா. குட்டையானவர்களுக்கு எல்லாமே ஒரு படி மேலே போய்விடும். பெரியவருக்கு இடுப்பில் படுவது குழந்தைக்குத் தலையில் படும்.

ஒரு பாட்டியை மறக்க முடியவில்லை. நான்கடி எட்டங்குலம் இருப்பார். பார்க்கிங்கில் ஒரு பெரிய வண்டி நகர ஆரம்பித்ததும் இடித்திருக்கிறது. நடக்கிற வேகம்தான் இருக்கும் என்று அவரே சொன்னார். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. “தட்டின மாதிரிதாம்மா இருந்துச்சு, ஆனா பிடிச்சு நிக்க ஒண்ணுமே இல்ல, வழவழன்னு செவுரு” என்றார். அந்த ‘செவுரு’ என்ற சொல் எனக்குள் தங்கிவிட்டது.

நடராஜா சார் சொன்ன அதே ஐஐஎச்எஸ் 2023-ல் கிட்டத்தட்ட 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்தது. பானட்டின் முன்விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல், அதாவது ஒரு மீட்டரைத் தாண்டி இருந்தால், 30 அங்குலமோ அதற்குக் கீழோ சரிவாக இருக்கும் வண்டியை விட அடிபட்டவர் இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். ஐரோப்பாவில் புதுக் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் யூரோ என்கேப் என்ற அமைப்பு 1997-லிருந்தே பாதசாரிப் பாதுகாப்பையும் சோதித்து மதிப்பெண் போடுகிறது. பானட்டுக்கும் அடியில் இருக்கும் எஞ்சினுக்கும் நடுவே இடைவெளி விடுவது, மோதியதும் பானட் சற்று மேலே எழும்புவது எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். மேலே விழுகிறவருக்கு அவை உதவும். மேலே விழவே முடியாத உயரம் என்றால்?

முன்னால் இரும்புக் குழாய் மாட்டிக்கொள்கிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கோபம் வந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

லோடு வண்டி

இருபத்தாறு வருசம் லாரி. இங்கே வந்து எழுதினால் அடி விழுமோ என்று யோசித்தேன், பரவாயில்லை.

சைக்கிள் தம்பி, காற்று விஷயம் உண்மை. மேலே இருக்கும் எங்களுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு நாள் சொந்த ஊர்தி இல்லாமல் நெடுஞ்சாலை ஓரமாக நடந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து சைக்கிளைத் தாண்டும்போது ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுவேன்.

என் கதை சிக்னல் கதை. நான் முதலில் நிற்கிறேன், ஓரத்துப் பக்கம் திரும்ப வேண்டும். நீள வண்டி அப்படியே திரும்ப முடியாது. முதலில் கொஞ்சம் வெளியே வாங்கி, நேராகப் போகிற மாதிரி போய், அப்புறம்தான் ஒடிக்க வேண்டும். ஏனென்றால் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். டிரெய்லர் என்றால் இன்னும் மோசம். நான் வெளியே வாங்கியதும் ஓரத்தில் ஓர் இடைவெளி திறந்தது. பார்க்கிறவருக்கு ‘லாரி வழி விடுகிறது’ என்றுதான் தோன்றும். ஒரு பெண் சைக்கிளில் உள்ளே வந்துவிட்டார். நான் ஒடிக்க ஆரம்பித்துவிட்டேன். கூட இருந்த தம்பி “அண்ணே!” என்று கத்தின கத்தில் பிரேக் அடித்தேன். அந்தப் பிரேக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. காலை அமுக்கினதும் காற்று குழாய் வழியாகப் போய்த்தான் சக்கரத்தைப் பிடிக்கும். காரைப் போல உடனே நிற்காது. மெதுவாகப் போனதால் நின்றது.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். சைக்கிளின் ஹேண்டில் பக்கத்தடுப்புக் கம்பியில் சாய்ந்திருந்தது. சக்கரங்களுக்கு நடுவே படுக்கையாக இரண்டு கம்பி ஓடுமே, அதுதான். அந்தக் கம்பி மட்டும் இல்லை என்றால் அவர் அடியில் போயிருப்பார். அந்தக் கம்பியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் என்னத்தைச் சொல்ல.

என் வண்டியில் கண்ணாடி ஆறு. கண் இரண்டுதான். ஒன்றில் பார்த்து முடித்து ஆறாவதுக்கு வரும்போது முதல் கண்ணாடியில் ஆள் மாறியிருக்கும். கேமரா, சென்சார் எல்லாம் நல்லதுதான், ஆனால் நேராகக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடில்லை. லண்டனில் இதற்கென்றே விதி கொண்டுவந்திருக்கிறார்கள். 12 டன்னுக்கு மேல் உள்ள லாரிக்கு, ஓட்டுநர் நேர்ப்பார்வையில் எவ்வளவு பார்க்க முடிகிறது என்று பார்த்து பூஜ்யத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை போடுகிறார்கள். 2021 மார்ச்சிலிருந்து அபராதத்தோடு நடக்கிறது. 2024 அக்டோபர் 28 முதல் மூன்று நட்சத்திரமாவது வேண்டும், இல்லையென்றால் கூடுதல் பாதுகாப்புக் கருவிகள் மாட்ட வேண்டும். கேபினைத் தாழ்த்தி, கதவிலும் கண்ணாடி வைத்த வண்டியில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் நிற்கிறவரின் செருப்பு வரை தெரிந்தது. என் வண்டியில் தொப்பி தெரிந்தாலே அதிர்ஷ்டம்.

சைக்கிளில் வருகிறவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். லாரி ஓரத்தில் வந்து நிற்காதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள், இல்லை நன்றாக முன்னால் போய் என் கண் பார்க்கிற இடத்தில் நில்லுங்கள். பம்பரை ஒட்டி நின்றால் நீங்கள் எனக்கு இல்லவே இல்லை.

இரட்டைச் சக்கரம்

அண்ணே, ஓரத்தில் சைக்கிள் தடம் என்று பெயிண்ட் அடித்து எங்களை நேராக அந்த இடத்துக்குத்தானே கொண்டுபோய் விடுகிறார்கள்?

லோடு வண்டி

அது உண்மைதான் தம்பி. பெயிண்ட் அடித்தவர் லாரி ஓட்டியிருக்க மாட்டார்.

மூணு சக்கரத்து அம்மா

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். நான் அந்தப் பக்கத்து ஆள். பெரிய எஸ்யூவி ஓட்டுகிறேன்.

பையன் பிறந்ததும் வாங்கினோம். காரணம் ஒன்றே ஒன்று, உள்ளே இருக்கிறவர்களுக்குப் பாதுகாப்பு. அதில் பொய் இல்லை, எதிரில் வருகிறது சின்னக் காராக இருந்தால் நாங்கள்தான் தப்பிப்போம். உயரத்தில் உட்காருவதும் பிடித்திருந்தது, தூரம் வரைக்கும் தெரியும். ஒன்று கவனித்தேன். பழைய காரில் 60 என்பது வேகமாகத் தெரியும். இதில் 60-ல் போனால் 40 மாதிரி இருக்கிறது. மீட்டரைப் பார்த்தால்தான் தெரியும்.

போன வருடம் ஒரு காலை. வண்டியில் ஏறி, ஸ்டார்ட் செய்து, கியர் போட்டுவிட்டேன். பையன் பாட்டியோடு உள்ளே இருக்கிறான் என்று நினைப்பு. நகரும் முன் ஒரு மணிச்சத்தம். அவன் மூன்று சக்கர சைக்கிளின் மணி. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. பின்னால் கேமராவில் யாரும் இல்லை. பக்கத்துக் கண்ணாடிகளிலும் இல்லை. முன்னால் தரை மட்டும்தான் தெரிகிறது. பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினால், பம்பரில் இருந்து இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து மணி அடித்துக்கொண்டிருக்கிறான். என்னை வழியனுப்ப வந்திருக்கிறான்.

அன்று வேலைக்குப் போகவில்லை. சாயங்காலம் என் கணவரை உட்காரவைத்து, அந்தச் சைக்கிளைத் துடைப்பக் கட்டையால் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளிக்கொண்டே போனேன். ஹேண்டில் தெரிந்ததும் ஹாரன் அடிக்கச் சொல்லியிருந்தேன். தள்ளினேன், தள்ளினேன், ஹாரன் வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். பம்பரிலிருந்து எட்டரை அடி போன பிறகுதான் அடித்தார். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். என் அப்பாவின் பழைய சின்னக் காரை அதே இடத்தில் நிறுத்தி மறுபடி செய்தோம். ஒன்றரை அடியிலேயே ஹாரன் வந்துவிட்டது.

எங்கள் வண்டியில் பின்னால் கேமரா இருக்கிறது. முன்னால் இல்லை. பின்னால் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதற்குக் கேமரா வைத்தார்கள். முன்னால் கண்ணாடி இருக்கிறதே, எல்லாம் தெரியும் என்று நானும்தான் நினைத்தேன்.

அவசரக்காரன்

அக்கா, படித்ததும் கீழே போய் என் வண்டியில் செய்து பார்த்தேன். சைக்கிள் இல்லை, அந்த உயரத்துக்கு ஒரு வாளிமேல் இன்னொரு வாளி வைத்தேன். ஏழடி. முன்னால் எழுதியதை எடிட் செய்யலாமா என்று பார்க்கிறேன்.

நடராஜா சர்வீஸ்

எடிட் வேண்டாம் தம்பி, இருக்கட்டும்.

அம்மா, கேட்கலாமா என்று தெரியவில்லை. வண்டியை விற்றுவிட்டீர்களா?

மூணு சக்கரத்து அம்மா

இல்லை சார். கடன் இன்னும் இருக்கிறது, மூன்று பேரையும் ஒன்றாகக் கூட்டிப்போக வேறு வண்டியும் இல்லை. முன்பக்கக் கேமரா தனியாக வாங்கி மாட்டினோம். வீட்டில் நிறுத்தும்போது முகப்பைச் சுவரை ஒட்டி நிறுத்துகிறேன், முன்னால் யாரும் புகவே முடியாது. கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். பையனும் கூடவே சுற்றி வருவான், அவனுக்கு அது ஒரு விளையாட்டு. சாக்பீஸ் கோடு போன வாரம் மழையில் அழிந்துவிட்டது. இந்த முறை பெயிண்டில் போடச் சொல்லியிருக்கிறேன்.